மெத்தையின் மறுபக்கம்

பிப்ரவரி 9

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

அத்தை எழுதிக்கொள்வது. நான் இருக்கிறேன். நீங்கள் அங்கே நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா? உடம்பு எப்படி இருக்கிறது? போன் அடித்தால் நீங்கள் எடுப்பதில்லை. லிஃப்ட் குழிக்குள் இறங்கி வேலை பார்க்கிறவருக்குச் சத்தம் கேட்காது என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். கடிதம் என்றால் வீட்டுக்கு வந்து காத்திருக்கும், எடுத்துத்தான் ஆக வேண்டும். அதனால் எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவள். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் பெண் போய் இருபத்தாறு நாள் ஆகிறது. நீங்கள் பதினைந்தாம் நாளே வேலையை வெளியூருக்கு மாற்றிக்கொண்டு கிளம்பிவிட்டீர்கள். குற்றமாகச் சொல்லவில்லை. நானும் ஆஸ்பத்திரி சலவைக்கூடத்துக்குத் திரும்பிவிட்டேன். ஒரு நாளைக்கு முந்நூறு படுக்கை விரிப்பு. கை மடிக்கிறது. மற்றபடி ஒன்றும் தெரியவில்லை.

மூன்று பேர் இருந்த வீட்டில் இப்போது நானும் மேஸ்திரியும். அவளுடைய முயலைத்தான் சொல்கிறேன். அக்டோபரில் கைக்குட்டை அளவு குட்டியாகக் கொண்டுவந்து, “வீடு பூரா சுத்திச் சுத்தி வேலை சரியா நடக்குதான்னு பாக்குதும்மா, இது மேஸ்திரி” என்று பேர் வைத்தாளே. பொட்டைக்கு இந்தப் பேரா என்று நாம் சிரித்தோம். “ஒரு சொட்டு வெளிய விழுந்தாலும் அன்னிக்கே யாருக்காவது தூக்கிக் கொடுத்துடுவேன்” என்று நான் சொன்னதற்காகவே, ஒரு மூலையில் ட்ரே வைத்து, ஒரு பக்கம் காய்ந்த புல், ஒரு பக்கம் மரச்சீவல் போட்டு, பத்தே நாளில் பழக்கிவிட்டாள். புல்லைத் தின்றுகொண்டே அதிலேயே போகும். எனக்கே ஆச்சரியம்.

இப்போது அந்த ட்ரேயை அது திரும்பியும் பார்ப்பதில்லை. உங்கள் அறைக் கதவைத் திறந்தால் ஓடிப்போய்க் கட்டிலில் ஏறுகிறது. அவள் படுக்கும் பக்கத்தில் மட்டும் மூத்திரம் பெய்கிறது. உங்கள் பக்கம் தொடுவதில்லை. என் காலை வட்டம் வட்டமாகச் சுற்றி, மூக்கால் ஒரு மாதிரி முனகுகிறது. எங்கே அவள் என்று கேட்கிறது, மாப்பிள்ளை. வாயில்லாத ஜீவன் வேறு எப்படிக் கேட்கும்? அதன் துக்கத்தைப் பார்த்தால் எனக்கு ஆறுதலாக இருக்கிறது. இந்த வீட்டில் நான் தனியாக அழவில்லை.

இன்னொன்று கேட்க வேண்டும். அவள் வேலை பார்த்த மருந்துக்கடை ஒரு திசை. லாரி அடித்தது பஸ் டெப்போவுக்குப் பின்னால் இருக்கும் தெருவில். மத்தியான நேரத்தில் அங்கே அவளுக்கு என்ன வேலை? உங்களிடம் ஏதாவது சொன்னாளா?

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் அத்தை


மார்ச் 2

அன்புள்ள அத்தைக்கு,

நலம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? நின்றுகொண்டே மடிக்காதீர்கள், ஸ்டூல் கேளுங்கள்.

இங்கே பதினான்கு மாடிக் கட்டடம். இரண்டு லிஃப்ட் மாட்டுகிறோம். வேலை சரியாக இருக்கிறது.

முயலை யாருக்காவது கொடுத்துவிடுங்கள். உங்களால் முடியாது. அந்த அறையைப் பூட்டி வையுங்கள்.

மருந்தை நிறுத்தாதீர்கள்.

இப்படிக்கு,
மாப்பிள்ளை


மார்ச் 10

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

கடிதம் கிடைத்தது. முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. ஸ்டூல் கேட்டேன், சூப்பர்வைசர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் போனார்.

முயலைக் கொடுக்கச் சொல்லி எழுத உங்களுக்கு எப்படி மனசு வந்தது? நீங்கள் அதைப் பார்க்கவில்லை, அதனால் எழுதிவிட்டீர்கள். பார்த்தால் எழுத மாட்டீர்கள்.

போன வாரம் வேலை முடிந்து வந்தேன். மேஸ்திரி வாய் நிறையப் புல்லைக் கவ்விக்கொண்டு, மீசை வைத்த மாதிரி, அங்கும் இங்கும் ஓடுகிறது. அலமாரிக்கும் சுவருக்கும் இடையில் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. பிறகு உட்கார்ந்து தன் நெஞ்சு முடியைத் தானே பிடுங்குகிறது. கொத்துக் கொத்தாக. கழுத்துக்குக் கீழே தோல் சிவந்து தெரிகிறது. பிடுங்கிய முடியைப் புல்லுக்குமேல் மெத்தைபோல் பரப்புகிறது. கையை நீட்டினேன், உறுமிக்கொண்டு பாய்ந்தது. ஐந்து மாதம் என் கையில் கீரை தின்ற ஜீவன்.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். நான் தலைமுடியைப் பிய்த்துக்கொண்டது போன ஜனவரியில். அது இப்போது பிய்த்துக்கொள்கிறது. அவ்வளவுதான் வித்தியாசம்.

அந்தப் படுக்கை விரிப்பை நான் இன்னும் துவைக்கவில்லை. சிரிக்காதீர்கள். ஊரார் ரத்தத்தையும் வாந்தியையும் இருபது வருஷமாக அலசுகிறவள், வீட்டில் ஒரு விரிப்பைத் தொட முடியவில்லை. தலைப்பக்கம் அவள் எண்ணெய் வாசனை இருக்கிறது. கால்பக்கம் முயல் வாசனை. இரண்டும் இருக்கட்டும்.

தெருவைப் பற்றி நான் கேட்டதற்கு நீங்கள் பதில் எழுதவில்லை. மறந்திருப்பீர்கள்.

வெயில் தொடங்கிவிட்டது, தண்ணீர் நிறையக் குடியுங்கள்.

உங்கள் அத்தை


ஏப்ரல் 21

அன்புள்ள அத்தைக்கு,

தாமதத்துக்கு மன்னிக்கவும். உடம்புக்கு ஒன்றுமில்லை. வேலைதான்.

நீங்கள் எழுதியதைப் பலமுறை படித்தேன். எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. அது துக்கம் இல்லை அத்தை. நாலைந்து மாதம் ஆனால் பொட்டை முயலுக்குப் பருவம் வந்துவிடும். கருப்பையை எடுக்காமல் விட்டால் இப்படித்தான் செய்யும். ட்ரேயை மறக்கும், தன் இடம் என்று காட்டப் படுக்கையில் போகும், காலைச் சுற்றும், உறுமும். சினை இல்லாமலே சினை என்று நினைத்துக்கொண்டு முடியைப் பிடுங்கிக் கூடு கட்டும். ஆபரேஷன் செய்தால் நின்றுவிடும். விவரம் தெரிந்தவர்கள் சொன்னது.

அதை அவளோடு சேர்த்துப் பார்க்காதீர்கள். உங்களுக்குத்தான் கஷ்டம்.

வெயிலில் நடந்து போகாதீர்கள்.

மாப்பிள்ளை


மே 3

மாப்பிள்ளைக்கு,

நலம். நலம்தானே?

உங்கள் கடிதத்தைச் சலவைக்கூடத்தில் பக்கத்து மேசை அக்காவிடம் காட்டினேன். “மாப்பிள்ளை சொல்றதுல என்னடி தப்பு? என் வீட்டுப் பூனையும் அந்த வயசுல ஊரையே கூட்டுச்சு” என்றாள். அவளிடம் இரண்டு நாள் பேசவில்லை.

பருவமோ என்னவோ, அவள் போன பிறகுதானே தொடங்கியது? அதற்கு முன்னால் ஒரு சொட்டு கீழே விழுந்ததா? நான் விடிகாலை ஐந்து மணி ஷிப்டுக்குப் போகிறவள்தான், ஆனால் வீட்டில் இருப்பது தெரியாதா எனக்கு? மூத்திர வாடை என் மூக்குக்குத் தப்புமா?

அறுத்தால் நின்றுவிடும் என்கிறீர்கள். நின்றுவிட்டால் என்ன அர்த்தம்? மறந்துவிட்டது என்று அர்த்தம். நீங்கள் வேறு ஊருக்குப் போய்விட்டீர்கள். மருந்துக்கடைக்காரர் வேலைக்கு வேறு பெண்ணைச் சேர்த்துக்கொண்டார். அவளை நினைத்துக்கொண்டு ஒரு உயிர் இந்த வீட்டில் என்னோடு இருக்கிறது, அதையும் கத்தி வைத்து மறக்க வைக்கச் சொல்கிறீர்கள். என்னால் முடியாது.

கோபத்தில் எழுதிவிட்டேன். மனசில் வைத்துக்கொள்ளாதீர்கள். சாப்பிடுங்கள்.

அத்தை


மே 27

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உங்கள் பதில் வருவதற்கு முன்னாலேயே எழுதுகிறேன். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. உங்களுக்கும் ஒன்றும் இருக்கக் கூடாது.

ஞாயிற்றுக்கிழமை மெத்தையை மொட்டைமாடியில் காயப்போடலாம் என்று விரிப்பை மட்டும் மெதுவாக மடித்து எடுத்து வைத்துவிட்டு, மெத்தையைத் தூக்கிப் புரட்டினேன். அடிப்பக்கத்தில் மூன்று கறை இருந்தது. மேல்பக்கக் கறை ஊறி வந்ததில்லை, வேறு இடத்தில். முயல் மூத்திரம் காய்ந்தால் சுண்ணாம்பு மாதிரி வெள்ளை ஓரம் நிற்கும். இந்த நாலு மாதத்தில் அது எனக்குப் பாடம். மூன்றிலும் அந்த ஓரம் இருந்தது. வினிகர் ஊற்றித் தேய்த்திருக்கிறார்கள், நார் லேசாக எழும்பியிருந்தது. வினிகர் ஊற்றச் சொல்லிக்கொடுத்தது நான்தான்.

பிரஷ் போன தடத்தைப் பார்த்தேன். நானோ நீங்களோ தேய்த்தால் ஒரு பக்கம் சாயும். இது எதிர்ப்பக்கம் சாய்ந்திருந்தது. நம் வீட்டில் இடது கைக்காரி அவள் ஒருத்திதான்.

தேய்த்துவிட்டு மெத்தையைப் புரட்டிப் போட்டிருக்கிறாள். அப்படியென்றால் அவள் இருக்கும்போதே அது கட்டிலில் போயிருக்கிறது. ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. எனக்குத் தெரியாமல் மறைத்திருக்கிறாள்.

அந்தக் கட்டிலில்தான் நீங்களும் படுத்தீர்கள். உங்களுக்குத் தெரியாமல் இருக்க முடியாது. தெரியுமா, தெரியாதா? ஒரு வார்த்தை எழுதுங்கள்.

உங்கள் அத்தை


ஜூன் 30

அன்புள்ள அத்தைக்கு,

நலம். இங்கே மழை. இரண்டாவது லிஃப்டின் குழியில் தண்ணீர் நின்றுவிட்டது, இறைத்துக்கொண்டிருக்கிறோம்.

மெத்தையைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். புதிது வாங்கிக்கொள்ளலாம். முழங்கால் வலியோடு மாடிக்கெல்லாம் தூக்கிக்கொண்டு போகாதீர்கள்.

மருந்து இருக்கிறதா?

மாப்பிள்ளை


ஜூலை 19

மாப்பிள்ளைக்கு,

மருந்து இருக்கிறது.

மேஸ்திரி மறுபடியும் முடியைப் பிடுங்கியது. இந்தத் தடவை நெஞ்சு புண்ணாகிவிட்டது. ஒரு நாள் முழுக்கப் புல்லைத் தொடவில்லை, கீரையைத் தொடவில்லை. முயல் ஒரு நாள் தின்னாமல் இருந்தாலே உயிருக்கு ஆபத்து என்று பக்கத்து மேசை அக்கா எங்கோ விசாரித்து வந்து சொன்னாள். முயல் பார்க்கிற ஆஸ்பத்திரி இந்த ஊரில் ஒன்றுதானாம். எங்கே என்று கேட்டேன். பஸ் டெப்போவுக்குப் பின்னால் என்றாள்.

அந்தத் தெருவில் காலே வைக்க மாட்டேன் என்று இருந்தவள் நான். துணிக்கூடையில் துண்டு விரித்து அதை உட்காரவைத்து, மேலே இன்னொரு துண்டு போட்டு, எடுத்துக்கொண்டு போனேன். ரோட்டைப் பார்க்காமல் கூடையைப் பார்த்தே நடந்தேன்.

வாசலில் சீட்டு எழுதும் பெண், “பேரு?” என்றாள்.

“மேஸ்திரி.”

“உங்க வீட்டுக்காரர் பேரு இல்லம்மா, முயல் பேரு.”

“முயல் பேருதான் மேஸ்திரி.”

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “ஆணா?”

“பொட்டை.”

எழுதிக்கொண்டிருந்த கை நின்றது. “இந்தப் பேர்ல ஒரு பொட்டை முயலுக்கு ஏற்கெனவே சீட்டு போட்டோமே” என்று பெரிய நோட்டைப் புரட்டினாள். தலைகீழாக இருந்தாலும் நான் படித்துவிட்டேன். ஜனவரி 14. மேஸ்திரி, ஐந்து மாதம், படுக்கையில் போகிறது, ட்ரே பழக்கம் போய்விட்டது, ஆபரேஷனுக்கு நாள் கேட்டார்கள். ஜனவரி 25 என்று நாள் குறித்திருந்தது. கீழே உங்கள் போன் நம்பர். பக்கத்தில் ‘வீட்டுக்குக் கூப்பிட வேண்டாம், அம்மாவுக்குத் தெரியாது’ என்று எழுதியிருந்தது.

“அன்னிக்கு வரவே இல்லை. நான்தான் இந்த நம்பருக்குப் போன் பண்ணினேன். ஒருத்தர் எடுத்தார். முயலைக் கொண்டு வரலையான்னு கேட்டேன். ஒண்ணுமே பேசலை. ரொம்ப நேரம் மூச்சு மட்டும் கேட்டுச்சு. அப்புறம் வெச்சுட்டார்” என்றாள் அந்தப் பெண். “அந்த அக்கா நல்லா இருக்காங்களா?” என்றும் கேட்டாள்.

சீட்டை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டேன், மாப்பிள்ளை.

டாக்டரம்மா நல்லவர். புண்ணுக்கு மருந்து போட்டு, ஊசிக்குழலால் ஊட்டிவிட்டார். நான் கேட்டேன், “இது ஆள் போன துக்கத்துல இப்படிச் செய்யுமா டாக்டர்?” அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, “சொல்லத் தெரியலம்மா. ஆனா இது செய்யறதெல்லாம் அது உடம்பு செய்ய வெக்கிறது. இப்படியே விட்டா கொஞ்ச வருஷத்துல கர்ப்பப்பையில கட்டி வந்துடும். நிறைய பொட்டை முயல் அதுலதான் போகுது” என்றார்.

போன செவ்வாய்க்கிழமை ஆபரேஷன் ஆகிவிட்டது. வயிற்றில் நாலு தையல். அன்று மாலையே ஒரு கொத்தமல்லித் தண்டைத் தின்றது. பழக்கம் மாற ஒரு மாதம் ஆகுமாம்.

ஆறு மாதமாக நான் ஒரு முயலோடு உட்கார்ந்து அழுதிருக்கிறேன். அது அழவே இல்லை. உங்களுக்கு அது தெரிந்திருந்தது. அந்தத் தெரு தெரிந்திருந்தது. மெத்தை தெரிந்திருந்தது. முழங்கால் எப்படி இருக்கிறது என்று எழுதினீர்கள்.

நலமாக இருங்கள்.

அத்தை


ஆகஸ்ட் 30

அத்தைக்கு,

நலம் விசாரிக்கும் தகுதி எனக்கு இல்லை. இந்தக் கடிதத்தை ஐந்து தடவை எழுதிக் கிழித்தேன்.

டிசம்பர் கடைசியில் மேஸ்திரி கட்டிலில் போகத் தொடங்கியது. அவள் உங்களுக்குப் பயந்து மறைத்தாள். நீங்கள் ஷிப்டுக்குப் போன பிறகு விரிப்பை அலசிக் காயவைத்து, நீங்கள் வருவதற்குள் விரித்துவிடுவாள். நானும் சேர்ந்துதான் மெத்தையைப் புரட்டினேன். அப்போது இரண்டு பேரும் சிரித்தோம்.

பதினாலாம் தேதி காலை என் முதுகு நனைந்து விழித்தேன். கத்தினேன். “ஒண்ணு அது இந்த வீட்ல இருக்கணும், இல்ல நான் இருக்கணும். சாயங்காலத்துக்குள்ள முடிவு பண்ணு” என்றேன். அவள், “மெதுவா கத்துங்க, பக்கத்து வீட்டுக்குக் கேட்டு அம்மா காதுக்குப் போனா மூணு பேரையும் சேர்த்து வெளிய தள்ளிடுவாங்க” என்றாள். அப்போதும் விளையாட்டுத்தான் அவளுக்கு. நான் சிரிக்கவில்லை. சாப்பிடாமல் கிளம்பிவிட்டேன். சாப்பாட்டு நேரத்தில் கடையில் சொல்லிவிட்டுப் போய் டாக்டரைப் பார்க்கிறேன் என்று படியிறங்கும்போது பின்னாலிருந்து சொன்னாள். நான் திரும்பவில்லை.

மத்தியானம் ஒன்று பத்துக்கு அவள் போன் வந்தது. நான் குழிக்குள் இல்லை அத்தை. ஏணிப்படியில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அவள் பேர் தெரிந்தது. கொஞ்சம் தவிக்கட்டும் என்று கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அடித்து அடித்து நின்றுவிட்டது. ஒன்றே காலுக்கு லாரி.

என்ன சொல்லக் கூப்பிட்டாள் என்று எனக்கு இனித் தெரியவே போவதில்லை.

அதற்குப் பிறகு ஒரே ஒரு போனை எடுத்தேன். அது அந்த ஆஸ்பத்திரி. அதோடு எந்தப் போனையும் எடுக்கக் கை வரவில்லை. உங்கள் பேர் வந்தாலும் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

அது துக்கத்தில் செய்கிறது என்று நீங்கள் எழுதியபோது, அப்படியே நம்பட்டும் என்றுதான் முதலில் இருந்தேன். உங்களுக்காக இல்லை. எனக்காக.

மன்னிக்கச் சொல்லவில்லை.


செப்டம்பர் 8

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

அத்தை எழுதுகிறேன். நான் நலம். முழங்கால் வலிக்கிறது, ஸ்டூல் கிடைத்துவிட்டது. நீங்கள் சாப்பிட்டீர்களா? காலையில் சாப்பிடாமல் எங்கேயும் கிளம்பாதீர்கள், இனிமேல்.

உங்கள் கடிதம் வந்த அன்று வேலைக்குப் போகவில்லை. உங்கள் மேல் கோபப்பட வேண்டும் என்று உட்கார்ந்து பார்த்தேன். வரவில்லை. ஒரு சொட்டு விழுந்தால் தூக்கிக் கொடுத்துவிடுவேன் என்று நான் சொல்லாமல் இருந்திருந்தால் அவள் என்னிடமே வந்திருப்பாள். “அம்மா, இப்படிப் பண்ணுது, என்ன செய்ய?” என்று கேட்டிருப்பாள். நான் கூடையோடு கூடப் போயிருப்பேன். ரோட்டைக் கடக்கும்போது கையைப் பிடித்திருப்பேன். கல்யாணம் ஆன பிறகும் அவள் ரோட்டில் என் கையைப் பிடிப்பாள், உங்களுக்கே தெரியும். நீங்கள் கத்தினீர்கள், நான் மிரட்டினேன். நம் இரண்டு பேருக்கும் நடுவில் அவள் தனியாக உட்கார்ந்து மெத்தையைத் தேய்த்துக்கொண்டு இருந்திருக்கிறாள்.

மேஸ்திரி தேறிவிட்டது. நெஞ்சில் முடி முளைத்துவிட்டது. டாக்டரம்மா சொன்னபடி, மூத்திரம் துடைத்த காகிதத்தையும் மிளகு மிளகாகக் கிடந்த புழுக்கையையும் எடுத்து ட்ரேயில் போட்டு, பக்கத்தில் புல் வைத்தேன். முதலில் காதில் வாங்கவில்லை. பத்து நாளாக ட்ரேயில்தான் போகிறது. கட்டிலில் ஏறுகிறது, அவள் பக்கத்தில் காலை நீட்டிப் படுக்கிறது, நனைப்பதில்லை. முதல் நாள் காய்ந்த கட்டிலைத் தடவிப் பார்த்துவிட்டு, சுத்தமாக இருக்கிறதே என்று அழுத ஒரே பைத்தியம் நானாகத்தான் இருப்பேன்.

விரிப்பைத் துவைத்துவிட்டேன். மிஷினில் போடவில்லை. பச்சைத் தண்ணீரில் கையால் அலசினேன். முயல் கறை போய்விட்டது. எண்ணெய் வாசனையும் போய்விட்டது. எல்லாக் கறையையும் தனித்தனியாக எடுக்கத் தெரிந்தவளுக்கு, ஒன்றை மட்டும் விட்டுவைக்கத் தெரியவில்லை.

போன கடிதத்தில் உங்களுக்கு ஒன்றை எழுதாமல் விட்டேன். கோபம். இப்போது எழுதுகிறேன். அந்த ஆஸ்பத்திரி நோட்டில் இன்னொரு வரி இருந்தது. அவர்கள் முதலில் வேறு நாள்தான் கொடுத்தார்களாம். அவள் வேண்டாம் என்று ஞாயிற்றுக்கிழமை கேட்டு வாங்கியிருக்கிறாள். இருபத்தைந்தாம் தேதிக்குப் பக்கத்தில் ‘ஞாயிறு, கணவருக்கு லீவு, அவர் தூக்கி வருவார்’ என்று எழுதியிருந்தது. நான் கேட்டதற்குச் சீட்டு எழுதும் பெண் சொன்னாள்: “அந்த அக்கா சிரிச்சுக்கிட்டே சொன்னாங்க. காலையில சண்டை போட்டுட்டுப் போயிருக்கார், ஆனா கூடையை அவர்தான் தூக்குவார், என்கிட்ட கொடுக்கவே மாட்டார்னு. வாசல்லயே நின்னு அவருக்குத்தான் போன் பண்ணினாங்க போல.”

“ஞாயித்துக்கிழமை நீங்க வாங்க, கூடையைத் தூக்கணும்.” அதைச் சொல்லத்தான் கூப்பிட்டிருக்கிறாள். வேறொன்றும் இல்லை.

உங்கள் கடிதத்தில் மூன்று இடத்தில் மை கரைந்திருக்கிறது. அது மழைத் தண்ணீர் இல்லை என்று எனக்குத் தெரியும். அந்தக் காகிதத்தை அப்படியே வைத்திருக்கிறேன்.

இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வந்த பிறகு வருகிற முதல் ஞாயிறு, காலை பத்து மணிக்கு நான் போன் அடிப்பேன். நீங்கள் ஒன்றும் பேச வேண்டாம். நானும் பேச மாட்டேன். எடுங்கள். மூச்சு கேட்டால் போதும்.

உங்கள் அத்தை